முப்பத்தொன்றரை

கம்ப்ரசர் செத்த பிரிட்ஜ் அது.
ஏர்வாடியில் என் கடை வாசலில்
மூன்று வருசமாகக் கிடந்தது, கோழி ஏறிப் படுக்க.
களக்காட்டிலிருந்து வனக்காவலர் ஆவுடைநாயகம்
கூடையோடு வந்து இறங்கிய அன்று
அதன் கதவைத் துடைத்தேன்.

பத்தொன்பது முட்டை. மலைப்பாம்பு.
வாழைத்தோட்டத்தில் ஜேசிபி வாய் வைத்த இடம்.
தாய்?
தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.
"நீரு பிரிட்ஜு மெக்கானிக்குல்லா வே.
ஒரு பெட்டி செஞ்சு தாரும்.
முப்பத்தொன்றரை டிகிரி, ரெண்டு மாசம்."

இருபத்திரண்டு வருசம்
சூட்டை வெளியே தள்ளித்தான் சோறு தின்றேன்.
சுவருக்கு அது தெரியாது.
குளிரைப் பூட்டிய அதே நுரை
சூட்டையும் பூட்டும்.

நாற்பது வாட் பல்பு, அதற்கொரு தகரத் தொப்பி,
ஜங்ஷனில் வாங்கிய தெர்மோஸ்டாட்,
பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய விசிறி.
பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் தேங்காய்நார்த் தூள்.
ஒவ்வொரு முட்டைக்கும் தலைமாட்டைப்
பென்சிலால் குறித்தேன்;
புரட்டினால் உள்ளிருப்பது மூழ்கிப்போகுமாம்.

முதல் வாரம் ஏமாந்தேன்.
சென்சார் பல்புக்குப் பக்கத்தில் தொங்கியது.
எண் சரியாகவே இருந்தது.
பல்பு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
கீழ்த்தட்டில், ராத்திரி, முட்டைகள்
இருபத்தெட்டில் கிடந்தன.
சரியான எண், தப்பான இடம்.
என் கடன் நோட்டும் அப்படித்தான்.

சென்சாரை முட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தேன்.
காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில்.
தண்ணீர் லேசில் சூடாகாது, லேசில் ஆறவும் செய்யாது;
பல்பு என்ன கத்து கத்தினாலும்
ஆகட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும்.

கத்திரி வந்தது.
பல்பு எரியவே இல்லை; முப்பத்திமூன்று தாண்டியது.
தகர ஷெட்டே அடைகாத்தது, அளவு தெரியாமல்.
வீட்டில் அந்தப் பெயரையே எடுக்கக் கூடாதென்ற
செய்யதலி பாத்திமா
ஐஸ் பாட்டிலைக் கடைப்படியில் வைத்துவிட்டு
"ஒங்க பிள்ளைகளுக்கு" என்று திரும்பிப் பாராமல் போனாள்.
முழு பாட்டில் வைத்தால் சறுக்கும். அரை போதும்.
அது தெரிவதற்குள் மூன்று முட்டை
பூசணம் பூத்துச் சுருங்கின.
ஐஸாலா, முன்பே கெட்டதா, தெரியாது.

தாய் எப்படித்தான் செய்யும் என்று கேட்டேன்.
இரையெடுக்காமல் சுற்றிப் படுத்து
உடம்பை நடுக்குமாம்.
குளிர் கூடினால் நடுக்கம் கூடுமாம்.
அன்று ரிப்பேருக்கு வந்த கம்ப்ரசர் மேல்
கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன்.
அதுவும் நடுங்கியது.
அதன் முதுகும் சுட்டது.

ஆனி பிறந்ததும் மேற்கே மலை மறைந்தது. சாரல்.
ராத்திரி பதினொன்றுக்குக் கரண்டு போனது.
எங்கோ மரம் கம்பியில் சாய்ந்திருக்கும்.
முப்பத்தொன்று. முப்பது புள்ளி எட்டு.
பரோட்டாக் கடை அடுப்பை அணைக்கப் போன காஜா மைதீனிடம்
ஒரு அண்டா வெந்நீர் வாங்கினேன்.
கை பொறுக்கும் சூட்டில் பாட்டிலில் ஊற்றி
சாரத்தில் சுற்றி
ஒன்று வை, பத்து நிமிசம் இரு, ஒன்று எடு.
கதவைத் திறந்து பார்ப்பதே ஒரு புள்ளி நட்டம்.
பார்க்காமல் உட்கார்ந்திருப்பதுதான்
பெரிய வேலையாக இருந்தது.
நாலு மணிக்கு விசிறி முனகியது.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஒரு கீறல்.
மூக்கு மட்டும் வெளியே.
ஒரு பகல் முழுக்க அப்படியே,
வரலாமா வேண்டாமா என்று.

பதினாறு.
ஆவுடைநாயகம் எண்ணி எண்ணித் துணிப்பையில் இறக்கினார்.
கடைசி ஒன்று என் பெருவிரலைக் கடித்தது.
ஊசி முனையளவு ரத்தம்.
கையில் அது சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.
எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் போன் வந்தது.
திருக்குறுங்குடியிலிருந்து ஒருத்தர்,
பிரிட்ஜில் கூலிங் இல்லையாம்.

"எந்த எடத்துல கை வச்சுப் பாத்தீங்க?" என்றேன்.